32 டாலர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

புரூனோவை வீழ்த்தியது அவன் அறியாமையா, போன இடத்தின் இரக்கமின்மையா? வெர்னர் ஹெர்சாக் 1977-இல் எடுத்த ‘ஸ்ட்ரோசெக்’ படம்தான் இன்றைய வழக்கு. பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. பெர்லின் சிறையிலிருந்து வெளியே வர்ற தெருப்பாட்டுக்காரன் புரூனோ, அடியாட்கள்கிட்ட உதைபட்ட ஈவா, பக்கத்து வீட்டுக் கிழவர் ஷைட்ஸ். மூணு பேரும் பிழைப்புத் தேடி அமெரிக்காவுல விஸ்கான்சினுக்குப் போறாங்க. இரக்கமின்மைதான் காரணம்னு சொல்ல நான் வந்திருக்கேன்.

ஆனா எதிரணித் தலைவர் ஒண்ணு கேட்டுட்டுப் போனாரே! "32 டாலரைத் திருடிட்டு எதிர்க்கடைக்கே சாமான் வாங்கப் போன மடையனுக்காகவா அழச் சொல்றீங்க?"ன்னார். கைதட்டு அள்ளிக்கிட்டுப் போச்சு. அதை விட்டுட்டு என்னால வேற பேச முடியாது ஐயா.

அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்க. கிழவரும் புரூனோவும் துப்பாக்கியோட பேங்குக்குப் போறாங்க. பேங்க் பூட்டியிருக்கு! கொள்ளையடிக்கப் போறவன் வேலை நேரம் பார்த்துட்டுப் போக மாட்டானா? இவங்களுக்கு அது கூடத் தெரியலை. சரின்னு சலூனுக்குள்ள நுழையறாங்க. கிடைச்சது 32 டாலர். திருடின எவனும் அடுத்து என்ன செய்வான்? காரை எடுத்துக்கிட்டுப் பறப்பான். இவங்க ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போறாங்க. போலீஸ் வந்து கிழவரைப் பிடிச்சிட்டுப் போகுது. புரூனோ கையில உறைஞ்சுபோன வான்கோழி ஒண்ணு.

தலைவரே, மறுபடி சொல்றேன். காசு கைக்கு வந்ததும் எதிர்க்கடை. திருடத் தெரிஞ்சவன் ஓடுவான், பசிச்சவன் கடைக்குப் போவான். நீங்க சிரிச்ச அந்த இடத்துலதான் அவன் திருடன் இல்லைன்னு படம் சாட்சி சொல்லுது!

அறியாமைங்கிறீங்க. அந்த பேங்க் ஆள் வந்தானே, அவனுக்கு எல்லாம் தெரியுமே? எவ்வளவு பணிவு, எவ்வளவு சிரிப்பு! வீட்டுக் கடன்ல தவணை பாக்கின்னு சொல்ல வந்தவன் ஏதோ தொந்தரவு கொடுக்க வந்ததுக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிக்கறான். அப்புறம் ஏலம். ஏலக்காரர் வாயிலிருந்து சொல்லு மழையா கொட்டுது. புரூனோவுக்கு அந்த பாஷையில சாதாரணப் பேச்சே புரியாது. அவன் கண்ணு முன்னாடியே வீடு விலை போகுது. சக்கரம் வச்ச வீடு, இழுத்துக்கிட்டுப் போயிடறாங்க. வெறும் நிலம் மிஞ்சுது. ஊருக்குள்ள நுழைஞ்ச அன்னைக்கே அவன் வளர்த்த மைனாவைச் சுங்கத்துல பிடுங்கிக்கிட்டாங்க, அதையும் அவன் அறியாமைக் கணக்குல எழுதுவீங்களா?

இன்னும் வாதம் நிறைய வச்சிருந்தேன். விட்டுடறேன். ஒரு காட்சி மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துக்கறேன்.

புரூனோ ஈவாகிட்டச் சொல்றான். நாஜிகள் காலம், சின்னப் பையங்களை அடைச்சு வச்ச விடுதி. படுக்கையில ஒண்ணுக்குப் போயிட்டா, நனைஞ்ச விரிப்பை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சு நிக்கணும். காயற வரைக்கும். கை இறங்கினா அடி. அங்க முகத்துக்கு நேரா அடிச்சாங்க, இங்க சிரிச்சுக்கிட்டே அடிக்கறாங்க, இதுதான் மோசம்னு சொல்றான். அந்த வேஷத்துல நடிச்சவர் பேரும் புரூனோதான், புரூனோ எஸ். அவரும் இளம்பிராயத்தை விடுதிகள்லயும் காப்பகங்கள்லயும் கழிச்சவர்தான். அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது கண்ணைப் பாருங்க, அது ஒத்திகை பார்த்து வர்ற கண்ணு இல்லை.

ஈரத்துணியோட பாரம் எவ்வளவு இருக்கும்? பெத்தவங்க இந்தச் சபையில இருக்கீங்க. மழையில நனைஞ்ச போர்வையை ஒரு தடவை தூக்கிப் பாருங்கம்மா. அதைப் பிடிச்ச சின்னக் கை எப்படி நடுங்கியிருக்கும்!

கடைசியில மலையில ஏறுற நாற்காலி. வேற ஆளே இல்லாம சுத்திக்கிட்டிருக்கு. அதுல புரூனோ, அந்த வான்கோழி, அந்தத் துப்பாக்கி. ஒரு சத்தம் கேக்குது. கீழே கூண்டுக்குள்ள, காசு போட்டா ஆடுற வேடிக்கைக் கோழி ஆடிக்கிட்டே இருக்கு. கோழியை நிறுத்த முடியலைன்னு மின்சார வேலைக்காரரை அனுப்பச் சொல்லிப் போலீஸ்காரர் வயர்லெஸ்ல கேக்கறார்.

அந்தப் பையன் அன்னைக்கு இறக்காம பிடிச்ச கையை, நடுவர் அவர்களே, அந்த நாற்காலியில இறக்கிட்டான்.