தேன்பெட்டிக்குள் அடையாள அட்டை

(ஜனவரி 27 அன்று வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பரீட்சை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மேடையில் இடம் போதாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்க மறுத்த தம்பி அவர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம். பொன்னாடை வேண்டாம், அந்தக் காசில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள் என்று போன வருஷமே சொன்னேன். இந்த வருஷமும் போர்த்திவிட்டார்கள். சரி, நன்றி.

1945-இல் இதே நாளில்தான் சோவியத் படை, ஹிட்லரின் நாஜிகள் நடத்திய ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களை நாஜிகளும் அவர்களின் கூட்டாளிகளும் கொன்றார்கள். இதில் மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நாடுகள் கதவைச் சாத்தியது ஒன்று. ஊர்க்காரர்கள் கதவைத் திறந்தது இரண்டு. நம் பாடப்புத்தகங்கள் இதை எப்படிச் சொல்கின்றன என்பது மூன்று.

முதல் விஷயம் சுருக்கமாக. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடின. யூத அகதிகளுக்காக எல்லோரும் உருகினார்கள்; அநேகமாக யாரும் இடம் கொடுக்கவில்லை. மறு வருஷம் செயின்ட் லூயிஸ் கப்பலில் 937 பேர், அநேகமாக எல்லோரும் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர்கள், கியூபாவுக்குப் போனார்கள். மிகச் சிலரைத்தான் இறங்க விட்டார்கள். அமெரிக்காவும் முடியாது என்றது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அப்படித் திரும்பியவர்களில் 254 பேர் பின்னால் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாவதுக்கு வருகிறேன். ‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்பார்கள். என் பேச்சை அடிக்கடி கேட்பவர்களுக்கு அலுத்துப்போன பழமொழிதான். ஆனால் இன்றைக்குத்தான் அதற்குச் சரியான இடம்.

பிரான்ஸில் லெ ஷாம்போன் என்று ஒரு மலைக்கிராமம். பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்கள். அவர்களுடைய முன்னோர்களே ஒரு காலத்தில் மதத்துக்காக வேட்டையாடப்பட்டவர்கள். ஆந்த்ரே ட்ரோக்மே அங்கே போதகர். அவர் மனைவி மக்தா, இத்தாலியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின் ஒரு குளிர்கால இரவு. கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், பனியில் நனைந்து விறைத்துப்போய் ஒரு ஜெர்மன் யூதப் பெண்மணி. உள்ளே வரலாமா என்கிறார். வாருங்கள் என்கிறார் மக்தா. அவ்வளவுதான்! நீ யார், எந்த ஊர், யார் அனுப்பினது என்று ஒரு கேள்வி கிடையாது. நம் வீட்டில் மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரிடமே நாம் நாலு கேள்வி கேட்போம். (சிரிப்பு) அடுப்பருகே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். அப்புறம், அடையாளக் காகிதம் இல்லாமல் இந்த அம்மாள் எங்கே போவார் என்று யோசித்து, நேரே மேயரிடம் போனார். கொடுப்பார் என்று நம்பித்தான் போனார். மேயர் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு வெளிநாட்டுக்காரிக்காக ஊரையே ஆபத்தில் மாட்டிவிடுவாயா, நாளைக் காலைக்குள் அனுப்பிவிடு என்றார். அனுப்ப வேண்டியதாயிற்று. அது மக்தாவுக்குக் கடைசிவரை உறுத்தியது. ஆனால் காகிதத்துக்காக அதிகாரி வாசலில் நிற்பதில்லை என்ற பாடத்தை அன்றைக்கே படித்துக்கொண்டார்.

அந்தக் காகிதத்தை அப்புறம் யார் செய்தார்கள்? ஆஸ்கர் ரொசோவ்ஸ்கி என்ற யூத இளைஞன். டாக்டராக ஆசைப்பட்டவன், யூதன் என்பதால் மருத்துவப் படிப்புக் கிடைக்காமல் டைப்ரைட்டர் பழுது பார்த்துப் பிழைத்தவன். இருபது வயதுகூட ஆகாத பையன், லெ ஷாம்போன் பக்கத்தில் இருந்துகொண்டு போலி அடையாள அட்டை, போலி ரேஷன் கார்டு எல்லாம் தயாரித்தான். 1942 டிசம்பரிலிருந்து யூதர்களின் அட்டையில் ‘யூதர்’ என்று முத்திரை குத்துவது சட்டம். அந்த முத்திரை இல்லாத ஒரு அட்டை, ஒரு உயிர். தயாரித்ததை எங்கே ஒளித்தான்? ஒரு விவசாயியின் தேன்பெட்டிகளுக்குள்! எந்தப் போலீஸ்காரர் தேனீக்களுக்கு நடுவே கையை விடுவார்? (கைதட்டல்) கள்ளக் கையெழுத்து குற்றம் என்று அன்றைய சட்டம் சொன்னது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அந்த ஊர் சொன்னது. பையன் பிற்காலத்தில் டாக்டராகவே ஆனார்.

எல்லோரும் தப்பவில்லை. ட்ரோக்மேயின் உறவினர் தானியேல், தன் பொறுப்பில் இருந்த மாணவர்களோடு 1943-இல் பிடிபட்டார். அடுத்த வருஷம் நாஜிகளின் மைதானெக் முகாமில் இறந்தார்.

ஏன் காகிதம், காகிதம் என்கிறேன்? அந்தப் போரின் அகதிகளை வைத்துத்தான் 1951-இல் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை வந்தது. இந்தியா இன்றுவரை அதில் கையெழுத்திடவில்லை. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள், நல்லது. ஆனால் அங்கேயே பிறந்து, நம் பள்ளிக்கூடத்தில் படித்து, நம்மைப் போலவே பேசும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் நாஜிகள் செய்த கொலைபாதகத்தையும் இதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம். ஒரு துண்டுக் காகிதத்துக்காக மனிதன் வாசல் வாசலாக நிற்பதை மட்டும்தான் சொல்கிறேன். இங்கே யாரும் தேன்பெட்டியில் ஒளிக்க வேண்டியதில்லை. சட்டப்படியே கொடுக்கலாம். பழமொழியைக்கூடத் துணைக்கு இழுக்க வேண்டாம்!

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பாடப்புத்தக விஷயத்தைத் தலைமையாசிரியை அம்மா என்னைவிட நன்றாகப் பேசுவார். வாசலுக்குப் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது. முகாமில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்டு எழுதியது. பேரோடு முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முகவரி இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள். வணக்கம்.