கேமரா வந்த பிறகும் ஏன் கையால் நகல் எடுத்தார்கள்?

அடுத்த கேள்வி. "இத்தாலியத் தேவாலயங்களின் சுவரோவியங்களை 19ஆம் நூற்றாண்டில் வாட்டர்கலரில் நகல் எடுத்தார்கள் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். அப்போதுதான் கேமரா வந்துவிட்டதே, பிறகு எதற்குக் கையால் வரைந்தார்கள்? அந்த நகலை நம்பலாமா?" என்று ஒரு நேயர் கேட்கிறார்.

கேமரா வந்துவிட்டது, சரி. ஆனால் அதற்கு நிறம் தெரியாது. கறுப்பு வெள்ளையிலும் ஏமாற்றும்: நீலம் வெளிறிவிடும், சிவப்பு கறுத்துவிடும். மாதா படத்தில் இருப்பதே சிவப்பு உடையும் நீல மேலாடையும்தான். அப்படியானால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு தேவாலயத்துக்குள்ளே இருட்டு வேறு.

லண்டனில் 1848இல் அரண்டல் சொசைட்டி என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழைய அசீரிய நகரமான நினிவேயைத் தோண்டிய லேயார்டு இதில் முக்கியமான ஆள். அவரே பல சுவர்களின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளைப் படியெடுத்திருக்கிறார். இத்தாலிய ஓவியர் பெருஜினோ 1505இல் பானிக்காலே என்ற சிற்றூரில் வரைந்த புனித செபஸ்தியார் ஓவியத்தைச் சங்கம் 1856இல் வண்ண அச்சாக வெளியிட்டது. சம்பளம் கொடுத்து ஓவியர்களை அமர்த்தி, இத்தாலியில் நகல் எடுக்க வைத்தார்கள். வாட்டர்கலருக்கு ஒரு காரணம் உண்டு. ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் ஊறிய நிறம் பளபளக்காது. எண்ணெய் வண்ணம் மினுங்கும், வாட்டர்கலர் மினுங்காது. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவதும் சுலபம். நிறத்துக்கு ஒரு அச்சுக் கல்லாக வைத்து அச்சடித்து, ஆண்டுக்கு ஒரு கினி (ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும்) கட்டிய உறுப்பினர்களுக்கு அனுப்பினார்கள். மூல நகல்களில் பல இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இவற்றின் அருமை 1944 மார்ச் 11இல் தெரிந்தது. பதுவைப் புனித அந்தோனியார் என்கிறோமே, அதே பதுவையில் எரெமித்தானி தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது. உள்ளே 15ஆம் நூற்றாண்டு ஓவியர் மாந்தேன்யா வரைந்த சுவர்கள் பெரும்பாலும் தூள் தூளாயின. யாகப்பரைக் கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் காட்சி அதில் ஒன்று. போகிற வழியில் மண்டியிட்டவனை ஆசீர்வதிக்க அவர் நிற்கிறார். நாம் தரையோடு தரையாக இருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் மாந்தேன்யா வரைந்திருப்பார். போருக்கு முந்தைய போட்டோக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். நிறத்துக்கு இந்த நகல்களிடம்தான் போக வேண்டும்.

அப்புறம், நம்பலாமா என்றால், அன்றைய சுவருக்குச் சாட்சி என்று நம்பலாம். முதலில் வரைந்தவருக்குச் சாட்சி என்று நம்பக்கூடாது. ஃபிளாரன்ஸில் பிராங்காச்சி சிற்றாலயம் 1771இல் தீப்பிடித்துப் புகை படிந்தது. அங்கே மசாச்சோ ஆதாம் ஏவாளை முழு நிர்வாணமாகத்தான் வரைந்திருந்தார். 17ஆம் நூற்றாண்டில் யாரோ இடுப்பில் இலைகளைத் தீட்டிவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு ஓவியர் கண்ணில் பட்டது அந்தப் புகையும் இலையும்தான். 1980களில் சுத்தம் செய்தபோதுதான் இலைகள் போயின, அடியில் இருந்த வெளிர் நிறங்கள் வெளியே வந்தன.