நாட்டுக்கோழிக்கு மூக்கடைப்பு: எது வரை நாம் செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும்

[திரையில்: கோழியின் தலை, மிக அருகில். ஒரு பக்க மூக்கில் பழுப்பு நிறப் பொருக்கு.]

வணக்கம். இந்தக் கோழியின் மூக்கைப் பாருங்கள். வலது பக்கம் துவாரம் சுத்தமாக இருக்கிறது. இடது பக்கம் தவிடும் சளியும் சேர்ந்து காய்ந்து, துவாரத்தையே மூடிவிட்டது. மூச்சு இழுக்கும்போது மெல்லிய விசில் சத்தம் வருகிறது. இரை எடுக்கிறது, கொண்டை சிவப்பாக இருக்கிறது, நடக்கிறது. இந்த நிலையில் இருக்கும் கோழியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் உடனே குச்சியை எடுத்துக் குத்திவிடாதீர்கள். மூக்கு அடைத்துக்கொண்டது என்றால் வெறும் அழுக்காகவும் இருக்கலாம், உள்ளே ஒரு நோய் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும்.

முதலில் கோழியைப் பிடிக்கும் விதம். பொழுது சாய்ந்து கூட்டில் அடைந்த பிறகு பிடித்தால் அதற்கும் பதற்றம் இருக்காது, நமக்கும் சிரமம் இருக்காது. பழைய துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றுங்கள். மார்புப் பக்கம் மட்டும் தளர்வாக இருக்க வேண்டும். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். இறுக்கிப் பிடித்தால், மூக்கு திறந்தே இருந்தாலும் மூச்சு முட்டும். மல்லாக்கப் படுக்க வைக்கவும் கூடாது.

[திரையில்: துண்டில் சுற்றிய கோழி மடியில். டார்ச் வெளிச்சம் முகத்தில்.]

இப்போது முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே விரலை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே சைனஸ் அறை இருக்கிறது, வெளிப்பக்கம் எலும்புச் சுவர் கிடையாது. அதனால் உள்ளே சளியோ சீழோ சேர்ந்தால் கன்னம் வெளியே உப்பிக்கொண்டு தெரியும். அப்படி உப்பியிருந்தால் அது நாம் துடைத்து எடுக்கிற அழுக்கு இல்லை.

அடுத்து அலகை மெல்லத் திறந்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். நடுவில் நீளமாக ஒரு பிளவு தெரியும். மூக்கில் போகிற காற்று அதன் வழியாகத்தான் வாய்க்குள் வந்து மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பிளவின் ஓரங்களில் சின்னச் சின்ன முட்கள் வரிசையாக இருக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம். பிளவில் சளி கோத்திருக்கிறதா, வெள்ளையாகக் கொப்புளம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் உங்கள் மூக்கை அதன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அழுகிய நாற்றம் வந்தால் அது தொற்று சளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முகம் உப்பவில்லை, நாற்றம் இல்லை, கண்ணில் நுரை இல்லை, வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடவில்லை. சரி, சுத்தம் செய்யலாம்.

கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், அதில் தூள் உப்பு மட்டமாக முக்கால் டீஸ்பூன். லிட்டருக்கு 9 கிராம் என்பது கணக்கு. இந்த அளவில் இருந்தால் எரிச்சல் தராது. கை பொறுக்கும் வெதுவெதுப்பில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, பொருக்கின் மேல் வைத்து இரண்டு மூன்று நிமிடம் பிடித்திருங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். காய்ந்த பொருக்கைப் பெயர்த்தால் தோலும் சேர்ந்து வரும், இரத்தம் கசியும், அந்த இரத்தம் உறைந்து நாளைக்கு மறுபடி அடைக்கும். ஊறிவிட்டால் அதுவே கூழாகி, பஞ்சோடு வந்துவிடும். வராவிட்டால் இன்னொரு முறை ஒத்தடம் கொடுங்கள். ஓரத்தில் ஒட்டியிருப்பதை, காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து வெளிப்புறமாகத் துடைத்தெடுக்கலாம்.

[திரையில்: மூக்குத் துவாரம் பெரிதாக்கிக் காட்டப்படுகிறது. அம்புக்குறி உள்ளே தெரியும் தகட்டைச் சுட்டுகிறது.]

இதோ, துவாரத்துக்கு மேலே கெட்டியான ஒரு மடல் இருக்கிறது, பார்த்தீர்களா? அதற்கு உள்ளே மெல்லிய தகடு மாதிரி ஒன்று நிற்கிறது. இது அடைப்பு இல்லை. கோழியின் மூக்கு அமைப்பே இதுதான். இதைச் சளிக்கட்டி என்று நினைத்து ஊசியால் நெம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது உயிருள்ள சதை, வலிக்கும். மறுபக்க மூக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே எது உறுப்பு, எது அழுக்கு என்று புரிந்துவிடும்.

கடைசியாக ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரைத் துவாரத்தின் வாயில் வைத்தால் போதும். கோழி தலையை உதறித் தும்மும், மிச்சம் இருப்பது வெளியே வரும். சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சினால் தண்ணீர் அந்த அண்ணப் பிளவு வழியாக மூச்சுக்குழாய்க்கே போய்விடும். எண்ணெய், வெங்காயச் சாறு, துளசிச் சாறு எதையும் மூக்கில் விடாதீர்கள். துளசியும் சின்ன வெங்காயமும் தீவனத்தோடு தின்றுவிட்டுப் போகட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் எடுக்க வழியே கிடையாது. மெடிக்கலில் கிடைக்கும் வெறும் உப்புநீர்ச் சொட்டு சரி. நமக்குச் சளி பிடித்தால் விடுகிற மருந்து கலந்த சொட்டு வேண்டாம்.

சில ஊர்களில் அடை தெளிவதற்காக, அதாவது அடைகாக்க உட்கார்ந்தே இருப்பதை நிறுத்துவதற்காக, கோழியின் மூக்கில் அதன் இறகையே சொருகிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அந்த இறகைச் சுற்றிப் புண்ணாகிச் சளி கட்டிக்கொள்ளும். உங்கள் கோழிக்கு அப்படிச் செய்திருந்தால், நன்றாக ஊறவைத்து மெல்ல உருவி எடுத்துவிடுங்கள். அடை தெளிய, அடிப்பக்கம் காற்றோட்டமாக இருக்கிற கம்பிக் கூண்டில் சில நாள் வைத்தாலே போதும்.

சுத்தம் செய்த பிறகும் மூக்கு திரும்பத் திரும்ப அடைத்தால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. கூட்டுக்குள் குனிந்து, கோழி உட்காரும் உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அமோனியா. ஈர எச்சத்திலிருந்து வரும் இந்த வாயு மூக்கின் உள்சவ்வை அரித்துவிடும், அப்புறம் எந்தக் கிருமிக்கும் வழி சுலபம். எச்சத்தை வாரி, காய்ந்த நிலக்கடலைத் தோலோ நெல் உமியோ புதிதாகப் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் போடவே கூடாது. தவிடு தூளாகப் பறந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுங்கள். மீதத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள், புளித்துப் பூஞ்சணம் வந்துவிடும்.

இன்னொரு காரணம் பலர் யோசிக்காதது: வைட்டமின் ஏ குறைவு. மேயவிடாமல் அடைத்து வைத்து, அரிசி நொய்யும் பழைய சோறும் மட்டுமே போடுகிற வீடுகளில் இது வரும். மூக்கின் உள்தோல் தடித்து உதிர்ந்து, வெண்மஞ்சளாகக் கட்டி கட்டியாக அடைக்கும். வாய்க்குள் வெள்ளைக் கொப்புளம் பார்க்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். ஈரலில் சேமிப்பு இருக்கிற வரைக்கும் வெளியே தெரியாது, தீர்ந்த பிறகே காட்டும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மஞ்சள் மக்காச்சோளம், பழுத்த பப்பாளி இவற்றைத் தொடர்ந்து கொடுங்கள். முற்றிய நிலையில் கீரை மட்டும் போதாது, மருத்துவர் தரும் வைட்டமின் சொட்டும் வேண்டியிருக்கும்.

[திரையில்: கன்னம் உப்பிய கோழி, கண்ணில் நுரை கட்டிய கோழி, கொண்டையில் அம்மைக் கொப்புளம்.]

இனி, நாம் கை வைக்கக் கூடாதவை. நாற்றத்தோடு சளி, முக வீக்கம், ஒன்று இரண்டு நாளிலேயே பக்கத்துக் கோழிக்கும் பரவுகிறது என்றால் கொரைசா எனப்படும் தொற்று சளி. கண்ணில் நுரை, கறகறப்பு, மெதுவாக வாரக்கணக்கில் இழுக்கிறது என்றால் மைக்கோபிளாஸ்மா. இது முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். இரண்டுமே பாக்டீரியா நோய்கள், மருந்து இருக்கிறது. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் கொடுத்துவிட்டு நிறுத்துவது கோழிக்கும் கெடுதல், அந்த முட்டையைச் சாப்பிடுகிற நம் பிள்ளைகளுக்கும் கெடுதல். கன்னத்தில் சீழ் கட்டியாக இறுகிவிட்டால் மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும்.

மூக்கோரப் பொருக்கோடு கொண்டையிலும் தாடியிலும் கொப்புளம் இருந்தால் அம்மை. அதை உரிக்கவே உரிக்காதீர்கள், அந்தப் பொருக்கில்தான் வைரஸ் இருக்கிறது. பச்சையாகக் கழிச்சல், கழுத்து முறுக்கல் என்றால் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயைச் சந்தேகிக்க வேண்டும். திடீரென்று பல கோழிகள் செத்துப்போனால் எதையும் வெறுங்கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

எந்தக் கோழிக்கு மூக்கு ஒழுகினாலும் முதல் வேலை அதைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து, தனித் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது. மற்ற கோழிகளுக்கு இரை போட்டு முடித்த பிறகு கடைசியாக இதைப் பாருங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் அடைப்பாக இருந்தால் ஒரு நாள் விட்டு மறுநாள் மூக்கு காய்ந்து சுத்தமாக இருக்கும், இரையும் ஒழுங்காக எடுக்கும். அப்போது மந்தையில் விட்டுவிடலாம். கொரைசாவோ மைக்கோபிளாஸ்மாவோ வந்து தேறிய கோழி, பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அதன் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், புதிதாக வாங்கி வரும் குஞ்சுகளை அதோடு சேர்த்து விடாதீர்கள். மருந்து கொடுத்த நாட்களின் முட்டையை எப்போதிலிருந்து சாப்பிடலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கு மருந்து அந்தக் கணக்கு மாறும்.