கோழித் தீவனத்தில் கப்பல் வாடகை: கடல் தாண்டி வரும் சோளத் தக்கை!

வணக்கம் மக்களே! சென்னையில் நீங்கள் சாப்பிடும் முட்டை பெரும்பாலும் நாமக்கல்லிலிருந்து வருகிறது. அந்தக் கோழி தின்னும் தீவனத்தில் சிங்கப்பூர், சீனா, பெல்ஜியம் என்று பல ஊர்ச் சரக்கு கலந்திருக்கிறது. கப்பல் வாடகை ஏறினால் முட்டை விலை எவ்வளவு ஏறும்? கணக்குப் போட்டபோது வந்த விடையை நானே நம்பவில்லை.

முதலில் பின்னணி, வேகமாக முடித்துவிடுகிறேன். தீவனம் என்றால் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும்தான் பெரும்பங்கு. அதில் சிட்டிகை அளவு சேரும் மெத்தியோனின், லைசின் (இரண்டும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள்), வைட்டமின், கோலின் குளோரைடு (வைட்டமின் மாதிரி ஒரு சத்து) வகையறாதான் சேர்மானங்கள். மெத்தியோனின் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். சரி, பின்னணி முடிந்தது.

[திரையில்: கன்டெய்னர், அதன்மேல் ரூபாய்க் கணக்கு]

ஒரு 20 அடி கன்டெய்னரில் 20 டன் சரக்கு என்று வையுங்கள். வாடகை ஒரு லட்சம் ரூபாய் கூடினால், கிலோவுக்கு 5 ரூபாய். ஒரு முட்டைக்குக் கோழி தின்பது சுமார் 110 கிராம் தீவனம். ஒரு டன் தீவனத்துக்கு ஒன்றரைக் கிலோ மெத்தியோனின் போட்டால், ஒரு முட்டைக்கு 0.165 கிராம். அதற்கு இந்த 5 ரூபாய் ஏற்றம் எவ்வளவு? ஒரு பைசாவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அப்படியானால் கப்பலைக் காட்டி விலை ஏற்றுவது சும்மாவா? பாதி சும்மா, பாதி நிஜம்.

மணல் ஏற்றினாலும் நகைப் பெட்டி ஏற்றினாலும் லாரி வாடகை ஒன்றுதான், ஆனால் வலிப்பது மணல்காரருக்குத்தான். கிலோ 2,000 ரூபாய் வைட்டமினில் அந்த 5 ரூபாய் தூசு. கிலோ 80 ரூபாய் சரக்கில் அதுவே 6 சதவீதத்துக்கு மேல்.

அந்த மலிவுச் சரக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோலின் குளோரைடு. தனியாக வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். அதனால் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் தக்கையை அரைத்து, திரவக் கோலினை அதில் ஊற வைத்துக் காயவைக்கிறார்கள். மூட்டையில் ‘60%’ என்று போட்டிருக்கும். மீதி 40 என்ன? பெரும்பாலும் தக்கைத் தூள்! 20 டன் கன்டெய்னரில் சுமார் 8 டன். பெரம்பலூர் பக்கம் அடுப்பில் எரிகிற பொருள், இங்கே கடல் தாண்டி டாலரில் வாடகை கொடுத்து வருகிறது. திரவமாகவே வாங்கலாமே என்கிறீர்களா? அது 75 சதவீதம். அதில் தக்கை இல்லை, தண்ணீர் இருக்கிறது! திரவ மெத்தியோனினிலும் 12 சதவீதம் தண்ணீர்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து வீட்டில் யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், மன்னிக்கவும்.

கோலின் இந்தியாவிலும் தயாராகிறதே, அது மலிவாகக் கிடைக்காதா? உள்ளூர்க்காரர் தன் அடக்க விலையை மட்டும் பார்த்து விலை வைப்பதில்லை, இறக்குமதிச் சரக்கு என்ன விலைக்கு வந்து இறங்குகிறது என்றும் பார்க்கிறார். கப்பலே ஏறாத மூட்டையிலும் கப்பல் வாடகை இப்படித்தான் ஏறுகிறது.

இன்னொரு வேடிக்கை, சுங்க வரி. சரக்கு விலையோடு கப்பல் வாடகையையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். வாடகை ஏறினால் வாடகைக்கும் வரி! அதே சரக்கு விமானத்தில் வந்தால், வாடகை எவ்வளவு ஆனாலும் சரக்கு விலையில் 20 சதவீதத்துக்கு மேல் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். கப்பலுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. தக்கைத் தூளை ஃபிளைட்டில் கொண்டுவரலாமா என்று கேட்காதீர்கள்.

[திரையில்: சூயஸ், நன்னம்பிக்கை முனை வரைபடம்]

அப்படியானால் விலை எகிறுவது எப்போது? கப்பல் தாமதமாகும்போது. 2019-இல் முக்கிய வழித்தடங்களில் 40 அடி கன்டெய்னரின் சராசரி வாடகை சுமார் 1,400 டாலர். 2021 செப்டம்பரில் அது 10,000 டாலரைத் தாண்டியது. ஆனால் பண்ணைக்காரரைக் கவலைப்பட வைப்பது சரக்கு எப்போது வரும் என்பதுதான். 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள்மீது நடந்த தாக்குதல்களால், ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. 10 முதல் 14 நாள் கூடுதல். தீவன மில்லில் கையிருப்பு கரைகிறது. கோழியிடம் ‘ரெண்டு வாரம் பொறு’ என்று சொல்ல முடியுமா? மெத்தியோனின் குறைந்தால் முட்டை சிறுத்துவிடும். அதனால் கேட்ட விலைக்கு வாங்குகிறார்கள். பக்கத்துச் சிங்கப்பூரிலிருந்து வருகிற சரக்கும் அதே விலைக்குப் போகிறது, அந்தக் கப்பல் செங்கடல் பக்கமே போகாவிட்டாலும்.

சென்னை வந்த பிறகும் நிம்மதியில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கன்டெய்னரை எடுக்கக் கொடுத்த இலவச நாள் முடிந்தால், இடத்தை அடைத்ததற்குத் துறைமுகத்துக்கு டெமரேஜ், பெட்டியைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன், இரண்டும் ஓடும். அக்னி நட்சத்திரத்தில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் வைட்டமின் ஏ-யின் வீரியமும் குறையும். அதற்கு எந்த பில்லும் வராது, கோழிதான் காட்டும். அங்கிருந்து நாமக்கல்லுக்குச் சுமார் 370 கிலோமீட்டர், டோல் வேறு. லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன ஊர் ஒன்றே என்பதால் அந்த ஊரில் டீசல் ஏறினாலும் பேச்சு, தீவனம் ஏறினாலும் பேச்சு.

நாமக்கல், பல்லடம் பக்கத்து அண்ணன்மாரே, உங்கள் சப்ளையர் பில்லில் வாடகையைத் தனியாகப் போடுகிறாரா, விலையிலேயே கலந்துவிடுகிறாரா? கப்பல் வாடகை இறங்கியபோது விலையையும் இறக்கினாரா? கமெண்டில் போடுங்கள், பெயர் வேண்டாம், நியாயமான பதிலைக் கமெண்டில் மேலே பின் (pin) செய்கிறேன்.