கூடையா, பெட்டியா: ஊட்டா ஃப்ரித் கேட்ட கேள்வி

வணக்கம்ங்க. நான் தண்டையார்பேட்டையில ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கேன், ஆட்டிசம் இருக்கற புள்ளைங்களோடதான் எனக்குப் பொழுதே போவுது. இன்னிக்கு ஊட்டா ஃப்ரித்னு ஒரு சைக்காலஜிஸ்ட் பத்தி பேசப்போறேன். 1941ல ஜெர்மனியில பொறந்தவங்க, மொதல்ல கலை வரலாறு படிக்கப் போயி, சைக்காலஜிக்கு மாறி, லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரிக்கு ட்ரெய்னிங் வந்த எடத்துல இந்தப் புள்ளைங்களைப் பாத்தாங்க, 1968ல டாக்டர் பட்டம் வாங்கினதும் இதுலதான், அப்புறம் வாழ்க்கை முழுக்க இதேதான்.

அப்பல்லாம் அமெரிக்காவுல பெரிய பெரிய டாக்டருங்களே, அம்மா பாசமில்லாம ஜில்லுன்னு இருந்ததாலதான் புள்ளைக்கு ஆட்டிசம்னு சொன்னாங்க. ஃப்ரிட்ஜ் அம்மான்னே பேர் வச்சாங்க! நம்ம பக்கம் மட்டும் என்ன, "நீ வேலைக்குப் போனல்ல, அதான்"னு மாமியார் சொல்றதை எத்தனை பொண்ணுங்க எங்கிட்ட அழுதுகிட்டே சொல்லியிருக்காங்க. இல்லம்மா, மூளை வளர்ற விதமே வேற, வளர்ப்பு காரணம் இல்ல. ஃப்ரித் மாதிரி ஆளுங்க ஆராய்ச்சி பண்ணித்தான் அந்தப் பழி போச்சு.

1985ல ஃப்ரித், சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்களோட சேந்து ஒரு டெஸ்ட் பண்ணாங்க. கேளுங்க. சாலி, ஆன்னு ரெண்டு பொம்மை. சாலி தன் கோலிய கூடையில வச்சிட்டு வெளிய போறா. ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள்ள போட்டுடறா. சாலி திரும்பி வந்தா எங்க தேடுவா? கூடையிலதானே, அவளுக்குத்தான் மாத்தினது தெரியாதே. ஆட்டிசம் இருந்த 20 புள்ளைங்கள்ல 16 பேர் பெட்டியக் காட்டினாங்க. புத்தி வளர்ச்சி மெதுவா இருக்கற டவுன் சிண்ட்ரோம் புள்ளைங்க 14ல 12 பேர் கூடைன்னு சரியா சொன்னாங்க, அதனால இது புத்தி கம்மிங்கற விஷயமே இல்ல. அடுத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு ஊகிக்கறதுதான் அவங்களுக்குக் கஷ்டம். பாசம் இல்லன்னு அர்த்தம் இல்லங்க, திரும்பச் சொல்றேன், பாசம் இல்லன்னு அர்த்தம் இல்ல. அந்த நாலு பேரு சரியா சொன்னாங்களே, அவங்களையும் மறந்துடாதீங்க, எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரி இல்ல.

எங்கிட்ட வர்ற ஒரு பையன், எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசைகட்டி நிக்குமே, அதுல நாலு எழுத்து ஏழு நம்பர் இருக்கும், எல்லாத்தையும் படிச்சிகிட்டே வருவான். ஒரு தடவ கதவுல பெயிண்ட் உரிஞ்சி 8 வந்து 3 மாதிரி தெரிஞ்சுது, நானும் அவங்கம்மாவும் கவனிக்கவே இல்ல, இவன் நேரா கன்டெய்னர் பக்கவாட்டுக்குப் போயி அங்கயும் எழுதியிருந்த அதே நம்பர்ல 8 மேல விரல வச்சான். அவங்கம்மா மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்! படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற சின்ன உருவத்தக் கண்டுபிடிக்கறதுல இந்தப் புள்ளைங்க கெட்டின்னு 1983லயே அமிதா ஷாவும் ஃப்ரித்தும் காட்டினாங்க. எதுல கெட்டின்னும் தேடினாங்க பாருங்க, அதான் எனக்கு அவங்கள அவ்ளோ பிடிக்கும்.

டைம் ஆச்சுன்னு கை காட்டறாங்க. வேகமா சொல்லிடறேன், ஆஸ்பெர்கர்னு ஒரு டாக்டர் இந்த மாதிரி புள்ளைங்களப் பத்தி 1944ல ஜெர்மன்ல எழுதின கட்டுரைய 1991ல இங்கிலீஷ்ல கொண்டுவந்தது ஃப்ரித்தான், அதையும் பேசணும்னு இருந்தேன், முடியல. பெத்தவங்களுக்கு ஒண்ணு, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு, சர்டிஃபிகேட் வாங்கலாம், யூடிஐடிங்கற மாற்றுத்திறனாளி அடையாள கார்டுக்கும் அப்ளை பண்ணலாம், இன்னும் வாங்காதவங்க இந்த வாரமே போய்க் கேளுங்க. நன்றிங்க.