தீபாவளி வாரத்தில் ஒரு செம்புத் தண்ணீர்

(எங்கள் ஊர் மண்டபத்தில் ஐப்பசி மாதம் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, கடையில் ஆள் காத்துக்கொண்டிருக்கும் இந்த வாரத்திலும் எல்லோருக்கும் முன்னால் வந்து ஜமுக்காளம் விரிக்கவைத்த நகரத்தார் பெரியவர்களே, ஒலிபெருக்கி தந்த அன்பர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இதற்கென்றே வெளியூரிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களுக்குத் தனி வணக்கம். சா. கணேசன் அவர்கள் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாளிலிருந்து காரைக்குடிச் சீமை பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுப் பழகிய சீமை. அந்தச் சபைமுன் நிற்பது எனக்குப் பெருமை.

தீபாவளிக்கு இன்னும் நான்கே நாள். வீட்டுக்கு வீடு அதிரசத்துக்கு மாவு இடிபடுகிறது. கவுனி அரிசி வாங்க ஆள் போயிருக்கிறது. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுவரை ஒட்டடை அடிக்க வேண்டும். தையற்கடையில் சட்டை இன்னும் வந்தபாடில்லை. இடையில் மழை வேறு. இந்த ஓட்டத்தில் நன்றியைப் பற்றி நினைக்க ஏது நேரம் என்பீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் நம் முன்னோர். ஓய்ந்திருக்கும்போது நினை என்று சொல்லவில்லை.

மூன்று இடங்களில் நம் நன்றி பாக்கியிருக்கிறது: அடுக்களை, கடைவீதி, தண்ணீர். அடுக்களையில் தேன்குழல் பிழிய வருகிற பெண்ணுக்கும் தீபாவளி உண்டு. பலகாரத்தில் முதல் தட்டு அவர் வீட்டுக்குப் போகட்டும். கடைவீதியைத் தொட்டால் இரவாகிவிடும். தண்ணீருக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதேபோல ஒரு தீபாவளி வாரம். எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு. பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்தி என்று வீடு நிறைய ஆட்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. திடீரென்று மின்சாரம் போயிற்று. மேல்தொட்டி காலி, மோட்டார் ஓடாது. கேன் தண்ணீர்க்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை; அவர் வீட்டிலும் தீபாவளிதானே! மருமகன் காரை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பினார். அப்போது பிடித்தது மழை. ஐப்பசி அடைமழை, கேட்க வேண்டுமா? "ஐயோ, மழை வேறயா" என்று எல்லோரும் தலையில் கை வைத்தார்கள்.

வீட்டுப் பெரிய ஆச்சி, எண்பதைத் தாண்டியவர், பட்டாலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். "ஏண்டா தம்பி, மேல ஏறிப் பித்தள அண்டாவ இறக்கு" என்றார். பேரன் அண்டாவை இறக்கி அப்படியே கூரைத் தண்ணீருக்கு நேரே வைக்கப் போனான். "பொறு, மொத மழை ஓட்டக் கழுவிட்டுப் போகட்டும்" என்று தடுத்தார். கால்மணி நேரம் மொத்த வீடும் வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றி நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வெளுத்த வேட்டி ஒன்றை நான்காக மடித்து அண்டா வாயில் கட்டச் சொன்னார். ஒரு அண்டா நிறைந்தது, இரண்டு நிறைந்தது, அடுக்களைக் குடம் எல்லாம் நிறைந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த பேத்தி ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டு, "ஆயா, இதுக்கு எவ்வளவு காசு?" என்றாள். வீடே சிரித்தது. ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. "உப்பிட்டவர நினைங்கிறோம். உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சாகணும்ல? தண்ணி குடுத்தவன எவன் நினைக்கிறான்?" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு அலைகிறது.

தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாயிற்று. நம் வளவு வீடுகள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே நான்கு பக்கக் கூரைத் தண்ணீரையும் நடுவாசலில் இறக்கின. வற்றாத ஆறு இல்லாத பூமி இது. மாநிலத்து மழையில் ஏறக்குறையப் பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அதைப் பிடிக்கத்தான் ஊருக்கு ஊர் குடிதண்ணீர்க் குளமாக ஊருணி வெட்டி, நாற்புறமும் கல்படி கட்டி, குளிக்காதே, மாடு இறக்காதே என்று காவல் வைத்தார்கள். வள்ளல் அழகப்பர் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை, அந்த வரத்துக்காலை, வெட்டிய கைகளுக்கு மட்டும் கல்வெட்டு இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால் அவர்களை எப்படி நினைப்பது? அவர்கள் வெட்டிய வரத்துக்காலைத் தூர்ந்துபோக விடாமல் காப்பதுதான் நினைப்பு.

நம் ஊருணியைப் போய்ப் பாருங்கள். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் தலைக்கு மேல் நிற்கிறது. வீடு இடித்த கட்டுமானக் கழிவை அதிலேயே கொட்டியிருக்கிறார்கள். நேற்றுப் பெய்த மழை முழுக்கத் தார்ச்சாலையில் ஓடியது. ஊருணியில் கணுக்கால் அளவுகூட ஏறவில்லை. கண் முன்னால் வந்த தண்ணீரை வழி மறித்து அனுப்பியிருக்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கார்த்திகை மழை இன்னும் பாக்கியிருக்கிறது. அதற்குள் வரத்துக்காலைத் திறந்துவிட்டால் இந்த ஆண்டே தண்ணீர் ஏறும். முள்ளை வேரோடு பிடுங்க எந்திரம் தருவதாக ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் மேடை ஏறும்போது சொன்னார். அவருக்கு ஊர் சார்பில் நன்றி. எந்திரம் நுழையாத இடத்தில் கைதான் வேண்டும். தீபாவளி முடிந்து வரும் ஞாயிறு, காலை ஆறு மணி, ஊருணிப் பிள்ளையார் கோயில் முன்பு கூடுவோம். வெளியூர்ப் பிள்ளைகளே, பயணத்தை அன்று மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மண்வெட்டி உள்ளவர்கள் மண்வெட்டியோடும், இல்லாதவர்கள் கூடையோடும் வாருங்கள். காலைக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் தன் பொறுப்பு என்று பெரிய ஆச்சி சொல்லிவிட்டார். பெயர் கொடுக்க நோட்டு வாசலில் இருக்கிறது. வணக்கம்.