ஊர்ப் பிள்ளைகளின் மேடை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தார்கள். தோட்டம், தையல், மீன்பிடி எல்லாம் மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்களாம். எனக்கு மிச்சம் வைத்தது கச்சேரியும் நாடகமும் சினிமாவும். நல்லவேளை, எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு பின்னணிப் பாடகர் மொரீசியசுக்கு வந்தால், டிக்கெட் என்ன விலையானாலும் மண்டபம் நிரம்புகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் போகிறேன். ஆனால் அதே மாதத்தில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி, பத்து வருடம் கற்றுக்கொண்டு, அரங்கேற்றம் செய்கிறாள் என்று வையுங்கள். முன்வரிசையில் அத்தை, மாமா, சித்தப்பா. நடுவில் பள்ளித் தோழிகள். அதற்குப் பின்னால் காலி நாற்காலிகள். அந்தக் காலி நாற்காலிகளில் உங்களை உட்கார வைக்கத்தான் இந்த உரை.

பெரிய மேடை நிகழ்ச்சியில் உண்மையில் நாம் என்ன பார்க்கிறோம்? மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் திரையைப் பார்க்கிறோம். பாடகர் விரல் அளவுதான் தெரிகிறார். திரையில் தெரிகிற முகத்தை வீட்டிலேயே யூடியூபில் பார்க்கலாம். சின்ன அரங்கில் அப்படி இல்லை. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறதே, அங்கே உள்ள அரங்கத்துக்கு நம் பாரதியாரின் பெயர்தான். இன்று பரதம், வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் என்று முறையாகக் கற்றுக்கொள்கிற நம் பிள்ளைகளில் பலர் அந்த நிறுவனத்தின் வழி வந்தவர்கள். அங்கே மாணவர் கச்சேரி என்றால் ஒரு வேலை செய்யுங்கள். சீக்கிரமே போய் முன்னால், மிருதங்கக்காரருக்கு எதிரே இடம் பிடியுங்கள்.

கச்சேரி தொடங்கும் முன்பு அவர் மிருதங்கத்தின் இடது பக்கத்தில், நடுவில், பிசைந்த ரவையை அப்புவார். கொஞ்சம் அப்பித் தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் கிள்ளி எடுப்பார், மறுபடி தட்டுவார். அந்த அடிநாதம் 'தொம்' என்று இறங்கி வரும் வரைக்கும் விடமாட்டார். வலது பக்கத்தில் ஏற்கெனவே கறுப்பு மை பூசி உலர்ந்திருக்கும். அதைச் சுருதிக்குக் கொண்டுவர, சிறு கல்லாலோ கட்டையாலோ விளிம்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவார். தம்புராவோடு அது சேர்கிற நொடி ஒன்று உண்டு. காது கொடுத்தால் தெரியும். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, நமக்குப் பாதிக் காசு வசூலாகிவிட்டது. பல நேரம் காசே கிடையாது என்பது வேறு விஷயம். மோக்காவானாலும் பீனிக்ஸில் இருக்கிற இந்திரா காந்தி இந்தியப் பண்பாட்டு மையமானாலும், பல நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம்தான்.

இப்போது அதே காதோடு, நம் தீவின் பாட்டும் ஆட்டமுமான சேகா கச்சேரி ஒன்றுக்குப் போங்கள். விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவுச் சாப்பாட்டோடு பரிமாறுகிற சேகாவைச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்த மண்ணில் உண்டாக்கிய சேகா திப்பிக்கை, அதாவது மரபுச் சேகாவைச் சொல்கிறேன். 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது அதைத்தான். ரவான், விதை போட்டுக் குலுக்குகிற மரவான், முக்கோணம், இவ்வளவுதான் அதற்கு வாத்தியம். ரவான் என்பது மர வளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்தியது. நம் தீவின் ஈரக்காற்றில் அந்தத் தோல் தளர்ந்துபோகும். அதனால் வாசிக்கும் முன்பு தீ மூட்டுவார்கள். காய்ந்த இலையோ கரும்புச் சோகையோ, எது கிடைக்கிறதோ அது. தோல் பக்கத்தைத் தீக்குக் காட்டி, வட்டமாகத் திருப்பித் திருப்பி, நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மந்தமாக இருந்த ஓசை மெல்ல மெல்ல இறுகி மணிபோல் வரும். நம் தப்பு மேளமும் அப்படித்தானே காய்ச்சப்படுகிறது? தீயில் காய்ச்சிய தோலின் நாதம் நமக்கு ஒன்றும் புதிது இல்லை. இப்போது பலர் பிளாஸ்டிக் தோல் போட்ட ரவானை வைத்திருக்கிறார்கள். மழையிலும் தளராது, தூக்கிக்கொண்டு ஓடலாம், சௌகரியம். ஆனால் தீ மூட்டுகிற அந்தக் கால் மணி நேரம் போய்விட்டது. எனக்கு அதுதான் கச்சேரியிலேயே நல்ல பகுதி.

தமிழ்க் குடும்பம் சேகா கேட்கப் போகலாமா என்று இன்னும் கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஐயா, உங்கள் பேரப்பிள்ளையின் கல்யாண வீட்டில் நாதஸ்வரம் முடிந்து சாப்பாடு ஆனதும் எல்லோரும் எதற்கு ஆடுகிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

நாடகத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. போர்ட் லூயி நாடகக் கொட்டகை கட்டியது 1822இல். ஆப்பிரவாசி காட் என்கிற துறையில் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கியது 1834இல். அதற்கும் வெகு முன்னால், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும் இங்கே வந்து நகரத்தையே கட்டினார்கள். ஆனாலும் அந்தக் கொட்டகை மேடை நமக்காகப் போட்டது இல்லை. நமக்கு மேடை என்றால் கோயில் வளாகம்தான். பிறகு தேசிய நாடக விழா வந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல், இந்தி என்று பல மொழிகளோடு தமிழுக்கும் தனியாகப் போட்டி வைத்தார்கள். நாடக விழா என்றாலே என் வயதுக்காரர்களுக்கு வாக்குவாவில் உள்ள செர்ஜ் கோன்ஸ்தாந்தேன் அரங்கம்தான் நினைவுக்கு வரும்.

அங்கே மேடை ஏறியவர்கள் யார்? ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், கல்லூரிப் பிள்ளைகள். பகலெல்லாம் வேலை, ராத்திரி ஒத்திகை. நடிப்பில் குறை சொல்ல மாட்டேன். வசனத்தில்தான் குறை. வீட்டில் கிரியோல் பேசுகிற பிள்ளைக்குப் பண்டிதத் தமிழில் பத்து வரி வசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம். அவன் மூச்சுப் பிடித்து ஒப்பிக்கிறான். கீழே உட்கார்ந்திருக்கிற அவன் பாட்டிக்கே பாதி புரிவதில்லை. எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: 'வா', 'போ', 'சாப்பிட்டியா' என்று எழுதுங்கள். நடுவே ஒரு கிரியோல் சொல் விழுந்தால் விழட்டும், நம் வீடுகளில் அப்படித்தானே பேசுகிறோம். நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். நடுவர்களும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது வழியிலேயே கதையைக் கிரியோலில் சொல்லிவிடுங்கள். அரிச்சந்திரன் யார், ஏன் சுடுகாட்டில் நிற்கிறான் என்று தெரிந்துவிட்டால், மொழி பாதி புரியாவிட்டாலும் குழந்தை கொட்டாவி விடாது. அரங்கேற்றத்துக்கும் இதே வைத்தியம்தான். அதில் வர்ணம் என்கிற நீண்ட ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் போகும். அதில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நீங்கள் எப்படியும் போவீர்கள். பெரிய நடிகரின் தமிழ்ப் படம் இங்கே வந்தால் சில நாள்தான் ஓடும், வாரக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 'ஈல் கூர்' என்று ஒரு குறும்பட விழா 2007 முதல் நடந்து வருகிறது. நம் தீவின் இளைஞர்கள் எடுக்கிற படங்களைத் திரையிடுகிறார்கள். கிராமங்களுக்குத் திரையைக் கொண்டுபோய்த் திறந்தவெளியிலும் காட்டியிருக்கிறார்கள். நம் தெருவும் நம் கடையும் நம் பேச்சும் திரையில் வருவதைப் பார்ப்பதற்கு ஒரு தனி ருசி இருக்கிறது. நடிப்பு கொஞ்சம் முன்பின் இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் சரி, ராத்திரி எப்படித் திரும்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொழுது சாய்ந்ததும் கிராமப் பக்கம் பஸ் அருகிவிடும். நம்மில் பலர் நல்ல கச்சேரிகளைத் தவறவிடுவது ரசனை இல்லாமல் இல்லை, பஸ் இல்லாமல்தான். மெட்ரோ வந்ததும் நகரப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2020இல் ரோஸ் ஹில் வரை ஓடியது, 2022இல் க்யூர்பிப்புக்குப் போய்விட்டது. போர்ட் லூயி விக்டோரியாவில் இறங்கினால் கோடான் கலை மையத்துக்கு நடந்தே போகலாம். 2018இல் திறந்த அரங்கம் அது. ஏறத்தாழ 400 பேர்தான் உட்காரலாம், அதனால் எங்கே உட்கார்ந்தாலும் முகம் தெரியும். தெற்கிலும் கிழக்கிலும் இருப்பவர்களுக்கு என் யோசனை: கோயில் சபைகள் காவடிக்கு வேன் பிடிக்கின்றன அல்லவா? மாதம் ஒரு தடவை நாடகத்துக்கும் கச்சேரிக்கும் அதே வேனைப் பிடித்தால் என்ன? பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒன்றும் பெரிதாக ஆகாது. வயதானவர்களும் வரலாம்.

போகும்போது மோக்காவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், உங்கள் மகள் ஆடுகிறாள் என்றாலும் எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள், பின்னால் இருப்பவர்களும் மனிதர்கள்தான். இடைவேளையில் கத்தோ பிமா என்கிற மிளகாய் வடை வாங்கித் தின்றுவிட்டு அப்படியே வீட்டுக்கு நழுவுகிற வழக்கம் நம்மவரிடம் உண்டு. தயவுசெய்து மங்களம் பாடும் வரை இருங்கள். முடிந்ததும் மேடைப் பக்கம் போய், மிருதங்கம் வாசித்த பையனிடம் இரண்டு வார்த்தை நன்றாகச் சொல்லுங்கள். பாடகியைப் பாராட்ட ஆள் இருக்கும், அவனிடம் யாரும் பேச மாட்டார்கள்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.